பழைய காரில் கதவுச் சாவி இல்லை: பூட்டை மாற்றுவதா, பூட்டைச் சாவிக்கு ஏற்ப அமைப்பதா?

நாலுசக்கரம் எழுதியது:

கைமாறி வந்த பழைய ஹாட்ச்பேக், 90-களின் நடுப்பகுதி மாடல். நிலவரம் இதுதான்.

இக்னிஷனுக்கு ஒரே ஒரு சாவி. நன்றாகத் தேய்ந்திருக்கிறது, ஆனால் வண்டி ஸ்டார்ட் ஆகிறது. அதே சாவி டிரைவர் கதவுப் பூட்டில் முழுசாக நுழைகிறது, திரும்ப மறுக்கிறது. பயணி பக்கக் கதவில் பூட்டே இல்லை. வெறும் துளை, மேலே டேப். டிக்கியை உள்ளே இருக்கும் லிவரால் மட்டும் திறக்க முடிகிறது. ரிமோட் கிடையாது, சென்ட்ரல் லாக் கிடையாது.

எல்லாக் கதவுக்கும் இக்னிஷனுக்கும் ஒரே சாவி வேண்டும். புதுப் பூட்டு வாங்க வேண்டுமா, இருப்பதைச் சரிசெய்யலாமா? எதிலிருந்து தொடங்குவது?

---

அரமும்அளவும் எழுதியது:

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். "நுழைகிறது, திரும்பவில்லை" என்பதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

ஒன்று, பூட்டு இறுகிப்போயிருக்கிறது. உள்ளே சாவியின் வெட்டுகளுக்கு ஏற்ப மேலும் கீழும் நகரும் சின்னத் தகடுகள் தூசியிலும் காய்ந்த எண்ணெயிலும் ஒட்டிக்கொண்டு நகராமல் நிற்கின்றன.

இரண்டு, சாவி தேய்ந்திருக்கிறது. இக்னிஷனில் வேலை செய்யும் சாவி கதவில் ஏன் வேலை செய்யாது என்று பலர் குழம்புவது இங்கேதான். இக்னிஷன் பூட்டும் சாவியும் தினமும் ஒன்றோடொன்று உரசிச் சேர்ந்தே தேய்ந்தவை. அதனால் ஒன்றின் குறையை மற்றொன்று பொறுத்துக்கொள்கிறது. கதவுப் பூட்டோ அவ்வளவு தேயவில்லை. அது சாவியின் பழைய அளவைத்தான் இன்னும் எதிர்பார்க்கிறது.

மூன்று, யாரோ எப்போதோ வேறு வண்டியின் பூட்டை மாட்டியிருக்கிறார்கள். ஒரே கம்பெனியின் சாவித் துளை பல மாடல்களுக்கு ஒன்றாகவே இருக்கும். அதனால் வேறு வண்டிச் சாவியும் உள்ளே போகும், ஆனால் திரும்பாது.

பிரித்தறிய இப்படிச் செய்யுங்கள். முதலில் காற்றழுத்தத்தால் தூசியை ஊதிவிட்டு, துளைக்குள் டெஃப்லான் கலந்த உலர் ஸ்பிரே கொஞ்சம் அடியுங்கள். சாவியை 20, 30 முறை நுழைத்து எடுங்கள், திருப்ப வேண்டாம். ஒவ்வொரு முறையும் சாவியைத் துணியில் துடையுங்கள். கறுப்பாக வருவது நின்ற பிறகு மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். அப்போதும் திரும்பாவிட்டால் சாவியை முழுசாக நுழைத்து, நூலளவு வெளியே இழுத்தபடி, லேசாகத் திருப்பும் அழுத்தம் கொடுங்கள். அரை மில்லிமீட்டர் இழுப்பில் திரும்பினால் குற்றம் சாவியின் தேய்மானம்தான்.

எந்தக் கட்டத்திலும் குறடு வைத்துத் திருப்ப வேண்டாம். தேய்ந்த சாவி வெட்டின் ஆழமான இடத்தில் முறிந்து பாதி உள்ளேயே நின்றுவிடும்.

---

நாலுசக்கரம் எழுதியது:

ஸ்பிரே அடித்தாயிற்று. கறுப்பாக நிறைய வந்தது. இழுத்துப் பிடித்தும் பார்த்தேன், அசையவே இல்லை. அப்படியென்றால் பூட்டை வெளியே எடுத்தே ஆக வேண்டுமா? சாவி திரும்பாமல் கழற்ற முடியுமா?

---

கதவுப்பலகை எழுதியது:

முடியும்ங்க. கதவுப் பூட்டைக் கழற்ற சாவியே தேவையில்லை. இக்னிஷன்தான் சாவி திரும்பாமல் வெளியே வராது. அதனாலதான் எல்லாரும் கதவிலிருந்து ஆரம்பிக்கிறாங்க.

முதல்ல கண்ணாடியை முழுசா மேலே ஏத்திடுங்க. கண்ணாடி கீழே இருந்தா பூட்டுக்குப் பின்னாடி கை போகாது. கதவில் ஏர்பேக் இருக்கிற வண்டின்னா பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிட்டு, வண்டியின் கையேடு சொல்ற நேரம் காத்திருங்க. மஞ்சள் உறை போட்ட வயர், மஞ்சள் கனெக்டர் எதையும் இழுக்க வேண்டாம்.

அடுத்து டோர் பேட், அதாவது கதவின் உள்பக்க அட்டை. ஸ்க்ரூ எங்கே ஒளிஞ்சிருக்கும்னு சொல்றேன்: உள்பக்கக் கைப்பிடிக் குழிக்குள்ள ஒன்று, அதுக்கு மேல சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கலாம். கை வைக்கிற ஆர்ம்ரெஸ்ட் அடியில ரெண்டு. சில வண்டியில கதவோரத்துல ஒன்று. எல்லாத்தையும் எடுத்த பிறகுதான் பேடை இழுக்கணும். வரலைன்னா பலம் காட்டாதீங்க, இன்னும் ஒரு ஸ்க்ரூ எங்கேயோ இருக்குன்னு அர்த்தம்.

கையால கண்ணாடி சுத்துற வண்டின்னா அந்தக் கைப்பிடியை ஒரு சி கிளிப் பிடிச்சிருக்கும். ஒரு துணிப் பட்டையைக் கைப்பிடிக்கும் பேடுக்கும் நடுவுல விட்டு, ரெண்டு முனையும் பிடிச்சு, செருப்புத் துடைக்கிற மாதிரி இப்படியும் அப்படியும் இழுங்க. துணியின் நூல் கிளிப்பின் முனையில மாட்டி, கிளிப்பை வெளியே தள்ளிடும். அது தெறிக்கும், மறு கையால மூடிக்கோங்க. கைப்பிடி எந்தத் திசையில இருந்ததுன்னு போன்ல படம் எடுத்து வைங்க.

பேடின் கீழ் ஓரத்திலிருந்து நெம்பணும். அகலமான பிளாஸ்டிக் நெம்பி இருந்தா நல்லது. கிளிப் இருக்கிற இடத்துக்குப் பக்கத்துலயே நெம்புங்க. ரெண்டு கிளிப்புக்கு நடுவுல நெம்பினா அட்டை பிய்ஞ்சு, கிளிப் கதவிலேயே தங்கிடும். பழைய வண்டியில கிளிப் நிச்சயம் ரெண்டு மூணு உடையும், முன்கூட்டியே 5, 6 வாங்கி வைங்க. எல்லாக் கிளிப்பும் விட்ட பிறகு பேடை மேல் நோக்கித் தூக்கினா கண்ணாடி ஓரத்திலிருந்து கழன்று வரும். ஸ்பீக்கர், கண்ணாடி பட்டன் வயர் இருந்தா கழற்றிடுங்க.

இப்போ ஒரு பிளாஸ்டிக் தாள் தெரியும். கறுப்பு பசையால ஒட்டியிருக்கும். இதைக் கிழிக்காதீங்க! கண்ணாடி வழியா கதவுக்குள்ள இறங்கும் மழைத்தண்ணியைக் கதவின் அடித் துளை வழியா வெளியே விடறதே இந்தத் தாள்தான். கிழிஞ்சதை அப்படியே விட்டா அடுத்த மழையில தரை விரிப்பு நனைஞ்சிடும். பின்பக்க மேல் மூலையிலிருந்து தேவையான அளவு மட்டும் உரிச்சு, பசைப்பக்கம் மண் படாம மடிச்சு வைங்க. இறுகியிருந்தா ஹேர் டிரையர் சூடு காட்டினா இளகும்.

பூட்டின் பின்னாடி ஒரு சின்ன நாக்கு, அதிலிருந்து ஒரு கம்பி கதவு லாட்ச்சுக்கு (கதவை மூடிப் பிடிக்கிற கொக்கிப் பாகம்) போகும். கம்பியின் முனையை ஒரு பிளாஸ்டிக் கிளிப் கவ்வியிருக்கும். அதை இழுத்தா உடையும். முதல்ல கம்பியைக் கவ்வியிருக்கிற பக்கத்தைத் திருப்பி விடுவிச்சு, அப்புறம் கம்பியைப் பக்கவாட்டுல எடுக்கணும். கம்பியில மரை இருந்தா எத்தனையாவது மரையில கிளிப் இருக்குன்னு பெயின்ட்டால குறிச்சுக்கோங்க.

பூட்டை வெளித் தகட்டோட சேர்த்துப் பிடிச்சிருக்கிறது லாட வடிவ இரும்புக் கிளிப். தட்டைத் திருப்புளியால அதன் வளைந்த முனையை ஒரு பக்கமா தள்ளினா நழுவும். அதுக்கு முன்னாடி ஒரு நூலைக் கட்டிடுங்க, இல்லைன்னா கதவுக்குள்ள விழுந்திடும். விழுந்தா காந்தக் குச்சி. கையுறை போடுங்க, கதவுக்குள்ள இருக்கிற தகடு விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும்.

கிளிப் வந்ததும் பூட்டை வெளிப்பக்கமா இழுத்தா வந்திடும். ரப்பர் வாஷரைத் தனியா எடுத்து வைங்க.

பிற்கால ஐரோப்பிய வண்டிகள் பலவற்றில் இவ்வளவு வேலை இல்லை. கதவைத் திறந்தா ஓரத்துல லாட்ச்சுக்கு மேல ஒரு ரப்பர் மூடி இருக்கும். அதுக்குள்ள இருக்கிற டார்க்ஸ் (நட்சத்திரக் குழி) ஸ்க்ரூவைத் தளர்த்தினா சிலிண்டர், அதாவது சாவி நுழையும் உருளைப் பாகம், வெளியே வரும். அதை முழுசா கழற்றிடாதீங்க, தளர்த்தினாலே போதும்.

---

உதிரிபாகம் எழுதியது:

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பவர்களுக்காக மாற்று வழி: அதே மாடலின் முழு லாக் செட். இக்னிஷன், இரண்டு கதவு, டிக்கி, எல்லாவற்றுக்கும் ஒரே சாவி. உடைக்க வந்த வண்டியிலிருந்து எடுத்தது காயலாங்கடையில் கிடைக்கும்.

வாங்கும்போது அங்கேயே பார்க்க வேண்டியவை: சாவி கூடவே வர வேண்டும், சாவி இல்லாத செட் வெறும் இரும்பு. ஒவ்வொரு சிலிண்டரிலும் சாவியை நுழைத்து இரண்டு பக்கமும் திருப்பி, எடுத்துப் பாருங்கள். கதவுப் பூட்டின் பின் நாக்கு வலதுக்கும் இடதுக்கும் எதிரெதிராக வளைந்திருக்கும், இரண்டும் இருக்கிறதா பாருங்கள். மூன்று கதவு மாடலுக்கும் ஐந்து கதவு மாடலுக்கும் நாக்கின் நீளம் மாறலாம், அதனால் உங்கள் பழைய பூட்டைக் கையில் எடுத்துப் போய் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

---

அரமும்அளவும் எழுதியது:

லாக் செட் நல்ல வழிதான், ஆனால் அதில் இக்னிஷனையும் கழற்ற வேண்டி வருகிறது. இவருடைய இக்னிஷன் வேலை செய்கிறது. வேலை செய்கிற ஒன்றைப் பிரிப்பதைவிட, மற்ற பூட்டுகளை அதன் சாவிக்கு ஏற்ப அமைப்பது சுலபம். அதைத்தான் நான் சொல்வேன். இவருக்கு வெளியிலிருந்து தேவைப்படுவது ஒரே ஒரு பயணி பக்கச் சிலிண்டர். அதுவும் சாவி இல்லாமல் கிடைத்தால் கூடப் போதும்.

முதல் வேலை, நல்ல சாவி. இருக்கும் தேய்ந்த சாவியைக் கொடுத்து "இதே மாதிரி" என்று நகல் எடுக்காதீர்கள். நகல் இயந்திரம் தேய்மானத்தையும் சேர்த்தே நகலெடுக்கும். அதோடு இயந்திரத்தின் சொந்தப் பிழையும் சேரும். நகலின் நகல் இக்னிஷனிலேயே சிக்கத் தொடங்கும்.

சரியான வழி, சாவி எண்ணை வைத்து வெட்டுவது. வண்டி புதிதாக வரும்போது சாவியோடு ஒரு சின்ன உலோக வில்லை வரும், அதில் எண் இருக்கும். பழைய உரிமையாளரிடம் கேட்டுப் பாருங்கள், கையேட்டுப் பைக்குள் கிடக்கலாம். பூட்டிலும் எண் பொறித்திருப்பார்கள். பல ஜப்பானியக் கார்களில் அது பயணி பக்கக் கதவுச் சிலிண்டரின் உடம்பில் இருக்கும். உங்கள் வண்டியில் காணாமல் போனதும் அதே பூட்டுதான், அதனால் அந்த வழி அடைபட்டுவிட்டது.

எண் இல்லாவிட்டால் அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். காரின் சாவி வெட்டுகள் ஏதோ ஒரு ஆழத்தில் வெட்டப்பட்டவை அல்ல. ஒவ்வொரு இடத்துக்கும் நாலோ ஐந்தோ குறிப்பிட்ட படிகள்தான். படிக்குப் படி வித்தியாசம் பொதுவாக 0.5 முதல் 0.65 மி.மீ. வெர்னியர் அளவுகோலால் ஒவ்வொரு வெட்டின் அடியிலும் மிச்சமிருக்கும் உயரத்தை அளந்து எழுதுங்கள். தேய்மானம் சாவியைச் சிறிதாக்குமே தவிர, பெரிதாக்காது. ஆகவே அளவு இரண்டு படிகளுக்கு நடுவில் விழுந்தால் மேல் படிதான் விடை. எடுத்துக்காட்டாக, படிகள் 7.9, 7.3, 6.7, 6.1 என்று இருந்து உங்களுக்கு 7.05 வந்தால், அது 7.3-ஆகப் பிறந்த வெட்டு. உங்கள் மாடலின் படி அளவுகள் சாவி செய்பவரின் அட்டவணையில் இருக்கும். அவரிடம் எண்களாகக் கொடுங்கள், சாவியாகக் கொடுக்காதீர்கள். வண்டி உங்கள் பெயரில் இருப்பதற்கான ஆவணத்தையும் எடுத்துப் போங்கள். பொறுப்பான சாவிக்காரர் கேட்பார், கேட்க வேண்டும்.

---

வெயில்நிழல் எழுதியது:

எனக்குக் கொஞ்சம் வேறு நிலை. ஒரு சாவிகூட இல்லாத வண்டி என்றால் இந்த அளவெடுப்பு எப்படி?

---

அரமும்அளவும் எழுதியது:

கதவுப் பூட்டைக் கழற்றி, அதன் தகடுகளைப் படிக்க வேண்டும். பல பூட்டுகளில் ஒவ்வொரு தகட்டிலும் படி எண் பொறித்திருக்கும்: 1, 2, 3, 4. வரிசையாக எழுதினால் அதுவே சாவியின் வரைபடம்.

ஒரு சிக்கல் உண்டு. கதவுப் பூட்டில் இக்னிஷனைவிடத் தகடுகள் குறைவாக இருக்கலாம். சாவியில் 8 வெட்டு இருந்து, கதவில் 6 தகடுதான் என்றால், இரண்டு இடங்கள் தெரியாமல் நிற்கும். டிக்கி, டேஷ்போர்டுப் பெட்டி ஆகியவற்றின் பூட்டில் அந்த இடங்கள் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கும் இல்லையென்றால், இரண்டு இடம், தலா நாலு படி, மொத்தம் 16 வாய்ப்பு. 16 சாவி வெட்ட வேண்டியதில்லை. உலோகத்தைக் குறைக்க முடியும், கூட்ட முடியாது என்பதை வைத்தே வேலையைச் சுருக்கலாம். முதல் இடத்தை 1-ல் வைத்து, இரண்டாவது இடத்தை 1, 2, 3, 4 என்று படிப்படியாக ஆழப்படுத்தி ஒவ்வொரு முறையும் இக்னிஷனில் சோதியுங்கள். திரும்பாவிட்டால் அடுத்த வெற்றுச் சாவியில் (இன்னும் வெட்டாத சாவி) முதல் இடத்தை 2-ல் வைத்து மறுபடி. அதிகபட்சம் 4 வெற்றுச் சாவிதான் செலவாகும்.

---

பட்டறைஓரம் எழுதியது:

இதையெல்லாம் விட எளிய வழி இருக்கிறதே. இக்னிஷன் சாவியைக் கதவுச் சிலிண்டரில் நுழைத்து, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தகடுகளை அரத்தால் ராவிச் சமப்படுத்தினால் சாவி திரும்புகிறது. 10 நிமிட வேலை. பல இடங்களில் இப்படித்தான் செய்கிறார்கள்.

---

அரமும்அளவும் எழுதியது:

செய்கிறார்கள், திரும்பவும் செய்யும். ஆனால் அதற்குப் பிறகு அது பூட்டு இல்லை.

தகடு எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். அதன் நீளம், சிலிண்டருக்குள் சாவியோடு சேர்ந்து சுழலும் உட்கட்டையின் விட்டத்துக்குச் சரியாகப் பொருந்தும்படி இருக்கிறது. சரியான சாவி அதைச் சரியான உயரத்தில் நிறுத்தினால்தான் மேலேயும் கீழேயும் நீட்டாமல் நிற்கும். அரத்தால் ஒரு பக்கம் ராவினால் தகடு குட்டையாகிறது. குட்டையான தகடு ஒரு உயரத்தில் மட்டுமல்ல, இரண்டு மூன்று உயரங்களில் உள்ளடங்கி நிற்கும். உங்கள் சாவிக்கும் திரும்பும், அடுத்தவர் சாவிக்கும் திரும்பும்.

கணக்காகச் சொன்னால், 7 தகடு, தலா 4 படி என்றால் 16,384 சேர்க்கைகள். மூன்று தகடுகளை ராவி, அவை எந்தச் சாவிக்கும் வழிவிடும் நிலைக்கு வந்தால் மிச்சம் நாலு தகடுதான்: 256. அதோடு ராவிய துகள் உள்ளே விழுந்து ஸ்பிரிங்கில் சிக்கும், ராவிய கூர் விளிம்பு உட்கட்டையைச் சுற்றியிருக்கும் உறையைக் கீறும்.

சரியான தகடு கிடைக்கவே இல்லையென்றால் அந்த ஒரு தகட்டையும் அதன் ஸ்பிரிங்கையும் எடுத்துவிட்டு மூடுங்கள். ஒன்று குறைந்தால் 4,096. மற்ற ஆறும் ஒழுங்காக வேலை செய்யும். ராவுவதற்கு அது எவ்வளவோ மேல். ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

---

நாலுசக்கரம் எழுதியது:

டிரைவர் பூட்டு வெளியே வந்துவிட்டது. லாடக் கிளிப்பில் நூல் கட்டச் சொன்னதற்கு நன்றி, இரண்டு முறை நழுவியது. உட்கட்டையில் 6 தகடு, எண் பொறித்திருக்கிறது. இக்னிஷன் சாவியை அளந்து எடுத்த எண்களோடு ஒப்பிட்டால் நாலு இடம் ஒத்துப்போகவில்லை. வேறு வண்டிப் பூட்டு என்பது உறுதி. எண்ணைக் கொடுத்து வெட்டிய புதுச் சாவி இக்னிஷனில் பழையதைவிட நன்றாகத் திரும்புகிறது.

இப்போது தகடுகளை மாற்றும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள். பயணி பக்கத்துக்கும் ஒரு பழைய சிலிண்டர் கிடைத்திருக்கிறது, சாவி இல்லாமல்.

---

அரமும்அளவும் எழுதியது:

நல்லது. இரண்டு சிலிண்டரையும் ஒன்றாகவே பிரியுங்கள். தகடுகளைக் கலந்து எடுத்துக்கொள்ளலாம்.

வெள்ளைத் துணி விரித்து, மேஜையில் உட்கார்ந்து செய்யுங்கள். தகடு ஸ்பிரிங் ஒன்று அரிசி மணியைவிடப் பெரிதாக இராது. விழுந்தால் தரையில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. சிலர் பெரிய தெளிவான பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டே பிரிப்பார்கள், தெறித்தாலும் பைக்குள்ளேயே இருக்கும். நானும் அதையே சொல்வேன்.

பின்பக்கம் நாக்கைப் பிடித்திருப்பது ஈ கிளிப் அல்லது சின்ன ஊசி. எடுப்பதற்கு முன் நாக்கு, திரும்பி வரும் ஸ்பிரிங், வாஷர் எல்லாம் எந்த நிலையில் இருந்தன என்று இரண்டு கோணத்தில் படம் எடுங்கள். திரும்பி வரும் ஸ்பிரிங்கின் இரண்டு கால்களும் எதன் இருபுறமும் உட்கார்ந்திருக்கின்றன என்பதைப் படத்தில் தெளிவாகப் பதியுங்கள். மறுபடி மாட்டும்போது பெரும்பாலானோர் தடுமாறுவது இங்கேதான்.

முன்பக்கம் பளபளப்பான மூடி இருந்தால் அதன் விளிம்பு உள்ளே மடிக்கப்பட்டிருக்கும். சிறிய தட்டைத் திருப்புளியால் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்துங்கள், ஒரே இடத்தில் நெம்பினால் கிழியும். உள்ளே தூசி தடுக்கும் சின்னக் கதவும் அதன் ஸ்பிரிங்கும் இருக்கும்.

சாவி இருந்தால் அதை நுழைத்தபடி உட்கட்டையை இழுக்க வேண்டும், அப்போதுதான் தகடுகள் உள்ளடங்கி வரும். சாவி இல்லாத சிலிண்டரில் தகடுகள் உறையின் நீளப் பள்ளத்தில் நீட்டியிருக்கும். சில பூட்டுகளில் அந்தப் பள்ளம் ஒரு பக்கம் திறந்திருப்பதால் அப்படியே நேராக வெளியே நழுவும். வராவிட்டால் மெல்லிய கம்பியால் சாவித் துளை வழியாகத் தகடுகளை ஒவ்வொன்றாக அமுக்கி, உட்கட்டையை நகர்த்தியபடியே வர வேண்டும். பொறுமை வேண்டிய வேலை, பலம் வேண்டாம். உறையும் உட்கட்டையும் பெரும்பாலும் துத்தநாகக் கலவை வார்ப்பு, சுத்தியல் பட்டால் விரிசல் விடும்.

எல்லாத் தகட்டையும் எடுத்து, உட்கட்டையையும் உறையையும் பெட்ரோலியம் கிளீனரில் கழுவி, உலர்த்துங்கள். இப்போது காலியான உட்கட்டையை எடுங்கள். சாவி தகடுகளின் நடுத் துளை வழியாகத்தான் போகும், அதனால் அதை இன்னும் நுழைக்க வேண்டாம். சாவித் தலைப்பக்கத்திலிருந்து முதல் இடம். உங்கள் எண் வரிசைப்படி ஸ்பிரிங்கை முதலில் வைத்து, தகட்டை இறக்குங்கள். பிறகு புதுச் சாவியை முழுசாக நுழையுங்கள். நகத்தை உட்கட்டையின் மேல் இழுத்துப் பாருங்கள். நகம் தடுக்கினால் அந்தத் தகடு தவறு அல்லது ஸ்பிரிங் சாய்ந்திருக்கிறது. இரு பக்கமும் வெட்டுள்ள சாவி என்றால் தகடுகள் ஒன்றுவிட்டு ஒன்று எதிர்ப்பக்கம் நீட்டும். ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டு முடிந்தது என்று நினைக்காதீர்கள்.

ஆறும் சமமாக நின்ற பிறகு சாவியை வெளியே எடுங்கள். ஆறு தகடும் துள்ளி வெளியே நீட்ட வேண்டும். ஒன்று சோம்பலாக நின்றால் அதன் ஸ்பிரிங் நசுங்கியிருக்கிறது, மாற்றுங்கள். மறுபடி சாவி போடுங்கள், மறுபடி உள்ளடங்க வேண்டும். இதைப் பத்து முறை செய்த பிறகே உறைக்குள் தள்ளுங்கள். சாவி உள்ளே இருக்கும்போதுதான் தள்ள வேண்டும்.

தேவையான எண் தகடு பழைய இரண்டு சிலிண்டரிலும் இல்லையென்றால், அதே வரிசைப் பூட்டுக்கான தகட்டு டப்பா சாவிக் கடையில் இருக்கும். தனித் தகடாகக் கேளுங்கள்.

டிபி என்று அழைக்கப்படும் உருளைச் சாவி உள்ள பழைய ஐரோப்பிய ஃபோர்டு வண்டிக்காரர்கள் கவனிக்க: அதில் தகடு கிடையாது. 6 வட்டத் தட்டுகள், ஒவ்வொன்றும் 4 கோணங்களில் ஒன்று. வரிசை மாறினால் போயிற்று. எடுத்த வரிசையிலேயே ஒரு கம்பியில் கோத்து வையுங்கள்.

---

மின்கம்பி எழுதியது:

இங்கே சிப் பற்றி யாரும் பேசவில்லை. இந்த வண்டிக்கு வேண்டாமாக இருக்கலாம், ஆனால் இழையைப் படிக்கிற மற்றவர்களுக்கு அவசியம்.

சாவியை இயந்திரத்தில் வெட்டினால் கதவு திறக்கும், இக்னிஷன் திரும்பும், ஆனால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது, அல்லது ஓரிரு நொடி ஓடி நின்றுவிடும். இம்மொபிலைசர், அதாவது சாவியில் இருக்கும் சிப்பை அடையாளம் காணாவிட்டால் எஞ்சினை ஓடவிடாத மின்னணு அமைப்பு, உள்ள வண்டியில் இதுதான் நடக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 அக்டோபரிலிருந்து புதுக் கார்களுக்கு இது கட்டாயம். ஆஸ்திரேலியாவில் 2001, கனடாவில் 2007. அதற்கு முன்பே பல மாடல்களில் வந்துவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் 1986-லேயே கார்வெட் காரில் சாவிக்குள் ரெசிஸ்டர் (மின்தடை) வைத்தது. மொத்தம் 15 மதிப்புகள். அந்தச் சாவியின் தண்டில் கறுப்புப் பொட்டு போல ஒன்று தெரியும், மல்டிமீட்டரால் அளந்துவிடலாம்.

பிளாஸ்டிக் தலைக்குள் சிப் இருக்கிறதா என்று அறிய: சாவித் தலையை முழுவதும் அலுமினியத் தாளால் இரண்டு மூன்று சுற்று இறுக்கமாக மூடி, ஸ்டார்ட் செய்யுங்கள். எப்போதும் போல ஓடினால் சிப் இல்லை, எந்தச் சாதாரண வெற்றுச் சாவியிலும் வெட்டிக்கொள்ளலாம். நின்றுவிட்டாலோ டேஷ்போர்டில் சாவி விளக்கு மின்னினாலோ சிப் இருக்கிறது.

அப்படியானால் இக்னிஷன் சிலிண்டரை மாற்றுவதால் சிப் விஷயம் தீராது. சிப்பைப் படிப்பது சிலிண்டரைச் சுற்றியிருக்கும் ஆன்டெனா வளையம், முடிவெடுப்பது கண்ட்ரோல் பெட்டி. கதவுகளை மட்டும் மாற்றுவதற்கு இது எதுவும் குறுக்கே வராது. பழைய வண்டியை வாங்கும்போது எந்த வகைச் சாவி கையில் வருகிறது என்று பாருங்கள். பழைய ஃபியட் வண்டிகளில் சிவப்புத் தலைச் சாவிதான் மாஸ்டர், அது இல்லாமல் புதுச் சாவியைச் சேர்ப்பது பெரும்பாடு. டொயோட்டாவின் பல மாடல்களில் கறுப்பு மாஸ்டர், சாம்பல் நிறம் வாலே சாவி (வண்டியை நிறுத்தித் தருபவரிடம் கொடுப்பதற்கானது). சாம்பல் சாவியை வைத்து வேறு சாவியைப் பதிவு செய்ய முடியாது.

---

வெயில்நிழல் எழுதியது:

இக்னிஷன் சிலிண்டரே இறுகி, சாவி திரும்பாமல் போனால்?

---

கதவுப்பலகை எழுதியது:

முதல்ல ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் லேசா ஆட்டியபடி சாவியைத் திருப்பிப் பாருங்க. ஸ்டீயரிங் பூட்டின் தண்டு அழுத்தத்துல மாட்டியிருந்தா சாவி திரும்பாது, பூட்டு கெட்டதுன்னு தப்பா நினைப்போம்.

சிலிண்டரைக் கழற்ற பல வண்டியில சாவியை ஏசிசி நிலைக்கு (ரேடியோ மாதிரியானவை மட்டும் ஓடும் நிலை) திருப்பி, பக்கத்துல இருக்கிற சின்னத் துளையில ஊசியை அமுக்கினா வெளியே வரும். சாவி திரும்பலைன்னா துளை போடணும், இல்லைன்னா முழு உறையையும் எடுக்கணும். உறையைப் பிடிச்சிருக்கிறது, இறுக்கும்போதே தலை முறிஞ்சு போகிற மாதிரி செஞ்ச போல்ட். அதில் உளியால பள்ளம் வெட்டித் திருப்பணும். இந்த வேலையை அனுபவம் இருக்கிறவர் கையில விடுங்க. ஸ்டீயரிங் பூட்டுக்குள்ள உடைஞ்ச துண்டு ஒன்று தங்கிட்டா, ஓடும்போது ஸ்டீயரிங் பூட்டிக்கும். கதவுப் பூட்டுல தப்பு பண்ணா கதவு திறக்காது, அவ்வளவுதான். இதுல தப்பு பண்ணா உயிர் போகும்.

உடைஞ்ச சாவித் துண்டு உள்ளே மாட்டினவங்களுக்கு: துளை சாவி எடுக்கும் நிலையில நேரா நிக்குதான்னு முதல்ல பாருங்க, திரும்பின நிலையில எதுவும் வெளியே வராது. மெல்லிய ஃப்ரெட்சா (நுண் ரம்பம்) பிளேடைப் பல் வெளிப்பக்கம் பார்க்கிற மாதிரி சாவிக்குப் பக்கத்துல நுழைச்சு, வெட்டுல மாட்டி இழுங்க. துண்டைத் தூக்கிப் போடாதீங்க, ரெண்டு துண்டையும் சேர்த்து வச்சு அளந்தா புதுச் சாவி கிடைக்கும்.

---

நாலுசக்கரம் எழுதியது:

இரண்டு சிலிண்டரும் புதுச் சாவிக்குத் திரும்புகின்றன. டிரைவர் பக்கச் சிலிண்டரில் 6 தகடும் சரியாகக் கிடைத்தன. பயணி பக்கத்தில் ஒன்று கிடைக்கவில்லை, எடுத்துவிட்டேன். மாட்டுவதற்கு முன் எந்த எண்ணெய்? கிராஃபைட் தூளா?

---

அரமும்அளவும் எழுதியது:

கிராஃபைட்டோ டெஃப்லான் உலர் ஸ்பிரேயோ, ஏதாவது ஒன்று. இரண்டையும் கலக்காதீர்கள். கிராஃபைட்டின் மேல் எண்ணெய் பட்டால் கறுப்புக் களிம்பாகித் தகடுகளை ஒட்டவைக்கும். கட்டி கிரீஸ் தகட்டுப் பக்கம் வேண்டவே வேண்டாம். பின் நாக்கும் கம்பியும் உரசும் இடத்தில் மட்டும் கொஞ்சம் வைக்கலாம்.

---

கதவுப்பலகை எழுதியது:

மாட்டின பிறகு கதவை மூடிச் சோதிக்காதீங்க! கம்பி தப்பா மாட்டியிருந்தா, பேடைப் பிரிக்கக் கூட வழியில்லாம கதவு பூட்டிக்கும். கதவைத் திறந்து வச்சபடியே, கதவோரத்துல இருக்கிற லாட்ச்சின் கொக்கியை ஒரு திருப்புளியால உள்ளே தள்ளுங்க. 'டக் டக்'னு ரெண்டு சத்தம் வரும், இப்போ லாட்ச் கதவு மூடியிருக்கிறதா நினைச்சுக்கும். சாவியால பூட்டுங்க, வெளிக் கைப்பிடியை இழுங்க, கொக்கி விடக்கூடாது. சாவியால திறங்க, இழுங்க, விடணும். உள் பட்டனும் சேர்ந்து மேலும் கீழும் போகுதான்னு பாருங்க. பத்து முறை சரியா வந்த பிறகு கொக்கியை விடுவிச்சிட்டு கதவை மூடுங்க. கொக்கி உள்ளே இருக்கும்போது கதவை அறைஞ்சா அது கதவுத் தூணின் வளையத்துல மோதி வளையும்.

சாவி முழுசா திரும்பியும் பூட்டு பாதியிலேயே நின்னா, கம்பியின் நீளம்தான் காரணம். ஒன்றிரண்டு மரை மாத்திப் பாருங்க. நாக்கு கம்பியைத் தொடவே இல்லைன்னா வலது நாக்கு இடதுல இருக்கலாம்.

பயணி பக்கம் இத்தனை நாள் வெறும் துளையா இருந்ததால, துளையின் விளிம்பில துரு இருக்கும். சிலிண்டரை நுழைக்கிறதுக்கு முன்னாடி அதைச் சுரண்டி, துரு தடுக்கும் பெயின்ட் தொட்டு, காய விடுங்க. ரப்பர் வாஷர் கண்டிப்பா போடுங்க. அது இல்லாம இரும்பு மேல சிலிண்டர் உட்கார்ந்தா ஆடிக்கிட்டே இருக்கும், தண்ணியும் இறங்கும். அப்படியே கதவின் அடி விளிம்புல இருக்கிற வடிகால் துளைகளை ஒரு கம்பியால குத்தி விடுங்க. இவ்வளவு நாள் டேப் வழியா இறங்கின மண்ணு அங்கேதான் அடைச்சிருக்கும்.

---

நாலுசக்கரம் எழுதியது:

சரியாகச் சொன்னீர்கள், மூன்று துளையில் இரண்டு அடைத்திருந்தன. இரண்டு கதவும் இப்போது ஒரே சாவிக்குப் பூட்டுகின்றன. டிக்கி மட்டும் பாக்கி. அதன் சிலிண்டரைத் தாழ்ப்பாளோடு சேர்த்து இரண்டு 10 மி.மீ. நட் பிடித்திருக்கிறது, ஒன்று துருவில் சுழலவே இல்லை.

---

கதவுப்பலகை எழுதியது:

துரு ஊடுருவும் எண்ணெய் அடிச்சு ராத்திரி முழுக்க விடுங்க. காலையில முதல்ல இறுக்குற பக்கம் ஒரு நூல் திருப்பி, அப்புறம் தளர்த்துங்க. ஆறு முனை சாக்கெட் போடுங்க, பன்னிரண்டு முனை போட்டா நட்டின் மூலை மழுங்கிடும். அப்பவும் வரலைன்னா நட்டைப் பிளந்து எடுங்க, போல்ட்டை முறுக்காதீங்க. அந்தப் போல்ட் சிலிண்டர் வார்ப்போட ஒன்றா இருக்கும். அது முறிஞ்சா சிலிண்டரையே மாத்தணும்.